பாதி தூரத்துக் கதவு

கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த செங்கல்லை எடுத்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் அத்தை வாயால் நீங்கள் கேட்பதைவிட இது கொஞ்சம் கௌரவம்.

எடுத்ததற்குக் காரணம் இருந்தது. காலையிலிருந்து என் கையில் சுருண்டு கிடந்த வரைபடம், தரையில் விரித்தால் படிய மறுத்தது. ஒரு மூலையில் தண்ணீர் பாட்டிலை வைத்தேன். இன்னொரு மூலையில் தோள்பை. மூன்றாவது மூலைக்கு என் இடது கால் ஷூவைக் கழற்றி வைத்தேன். நாலாவது மூலை மட்டும் நாய் வால் மாதிரி சுருண்டு சுருண்டு எழுந்தது. சுற்றிலும் பார்த்தேன். செங்கல் கண்ணில் பட்டது.

அதை வைத்ததும் வரைபடம் சமர்த்தாகப் படிந்தது. எனக்குப் பின்னால் இரும்புக் கதவு அதைவிடச் சமர்த்தாகப் படிந்தது.

அத்தை டார்ச்சைத் திருப்பவில்லை.

"என்ன சத்தம்?"

"கதவு, அத்தை."

"கதவுக்கு என்ன?"

"சாத்திக்கிச்சு."

"தானாவா?"

"கிட்டத்தட்ட தானாத்தான்."

உள்பக்கம் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சதுர ஓட்டைதான் இருந்தது. சுண்டுவிரலை விட்டுத் திருப்பிப் பார்த்தேன். கதவு அசையவில்லை. விரலும் கொஞ்ச நேரம் அசையவில்லை. செல்போனை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். பூமிக்கு அடியில் சிக்னல் தேடுகிறவனைப் பார்த்து அது ஒரு கோடுகூடக் காட்டவில்லை.

"ஒரு துப்பறிகிற ஆபீஸ்ல உதவியாளன்னா," என்றார் அத்தை, "ஒண்ணு மூளை இருக்கணும், இல்ல கை சும்மா இருக்கணும்."

அத்தை என் அப்பாவின் அக்கா. துப்பறிவது அவர் தொழில். அவருக்கு மகள் கிடையாது. எல்லோருக்கும் அத்தை மகள் கிடைக்கிற வயதில் எனக்கு அத்தை மட்டும் கிடைத்தார். அன்றிலிருந்து அவர் போகிற இடமெல்லாம் நானும் போகிறேன். ஏன் என்னைக் கூட்டிப் போகிறார் என்று எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். நேரான பதில் ஒரு தடவைகூட வந்ததில்லை.

நாங்கள் மாட்டிக்கொண்டிருந்தது ஒரு மியூசியத்துக்கு அடியில். மியூசியம் இருப்பது முன்பு ஆலையாக இருந்த வளாகத்தில். நீராவிக் குழாய்கள் போவதற்காக அந்தக் காலத்தில் தோண்டிய பாதை, கட்டடங்களுக்குக் கீழே வளைந்து வளைந்து போகிறது. இருபக்கமும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இரும்புக் கதவுகள். இரண்டு வளைவு திரும்பிவிட்டால் தலைக்கு மேலே இருப்பது எந்தக் கட்டடம் என்று அங்கேயே வேலை பார்க்கிறவருக்கும் தெரியாது.

போன வாரம் யாரோ இந்தப் பாதை வழியாக வந்து, மியூசியத்தின் நிலவறை ஸ்டோர் சுவரை உடைத்து, ஒரு பித்தளை உலக உருண்டையை எடுத்துப் போய்விட்டார்கள். மனிதத் தலை அளவு. கடல்கள் முழுக்க மீன்கள் செதுக்கியது. அந்த மியூசியத்தில் பார்க்கத் தகுந்த பொருள் அது ஒன்றுதான் என்று சொல்வார்கள்.

போலீஸ் போட்ட கணக்கு எளிமையானது. இத்தனை கதவுகளில் திருடன் ஒரு கதவைக்கூடத் தவறாகத் தொடவில்லை, நேராகச் சரியான சுவருக்கே வந்திருக்கிறான். அப்படியானால் அவன் கையில் வரைபடம் இருந்திருக்கிறது. அந்தப் பாதைக்கு உலகத்தில் ஒரே வரைபடம்தான் உண்டு. குழாய் பழுதுபார்ப்பதற்காக மியூசியம் சொல்லி, ஒரு வரைபட அலுவலகத்துப் பெண் கம்ப்யூட்டரில் வரைந்தது. பெரிய தாளில் இன்னும் அச்சாகவே இல்லை. சரிபார்க்கச் சொல்லி அந்த பிடிஎஃப்பை அவள் ஒரே ஒருவருக்குத்தான் அனுப்பியிருந்தாள். அவர் மியூசியக் காப்பாளர். அவரோ அதைத் திறக்கவே இல்லை. மெயில் பெட்டியில் அது படிக்காமல் தடித்த எழுத்திலேயே கிடந்ததை இன்ஸ்பெக்டர் பார்த்தார். தவிர, சாவி வைத்திருக்கிற காப்பாளர் சுவரை ஏன் உடைக்க வேண்டும்? மிச்சம் இருந்தது அந்தப் பெண்தான்.

"நாளைக்குச் சாயங்காலம் மியூசியத்துக்கு வரச் சொல்லியிருக்காரு இன்ஸ்பெக்டர்," என்று நேற்று எங்களிடம் உதவி கேட்டு வந்தபோது சொன்னாள். "மாத்துத் துணி எடுத்துட்டு வாங்கன்னாரு."

அவள் முதன்முதலாகத் தன் பெயர் போட்டுக்கொண்ட படம் அது. வலது கீழ் மூலையில், தயாரித்தவர் என்று. அவளுடைய ஐந்து வயது மகன் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியதே அந்தப் பெயரை வைத்துத்தானாம். இப்போது இன்ஸ்பெக்டர் அதே பெயருக்கு அடியில் சிவப்பில் கோடு போட்டு வைத்திருக்கிறார்.

ஸ்டோர் அறைக்குப் போலீஸ் சீல் வைத்துவிட்டதால், உடைத்த சுவரைப் பின்பக்கமிருந்து பார்க்கலாம் என்றுதான் மத்தியானம் பாதையில் இறங்கினோம். அவள் போனில் அனுப்பிய இணைப்பைத் திறந்து, படத்தை அச்செடுத்து, வழி சொன்னவன் நான். சொன்ன வழியில் வந்தோம். சொன்ன கதவைத் திறந்தோம்.

உள்ளே நாலு சுவர். நாலும் முழுசாக இருந்தன.

அதனால்தான் வரைபடத்தை விரித்தேன். மீதி உங்களுக்குத் தெரியும்.

"ஏன்டா, பேசாம இருக்கே?" என்றார் அத்தை.

நான் ஆச்சரியப்பட்டேன். பொதுவாக அவர் என்னிடம் சொல்வது இதற்கு நேர் எதிர்.

"யோசிக்கிறேன், அத்தை."

"யோசிக்கிறதை நான் பாத்துக்கறேன். நீ பேசு. எதையாவது பேசு."

பேசினேன். இந்த அறையில் காற்று எவ்வளவு நேரம் வரும், டார்ச் பேட்டரி எவ்வளவு நேரம் வரும், இரண்டில் எது முதலில் தீரும் என்றெல்லாம் விவரமாகப் பேசினேன். அத்தை கதவோரம் போய், கீழே இருந்த விரல் அகலச் சந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"வேற ஏதாவது பேசு," என்றார்.

"எனக்கு ஒரு சந்தேகம். எதுக்கு என்னைக் கூட்டிட்டு வர்றீங்க?"

"டார்ச் பிடிக்க."

"டார்ச் உங்க கையிலதானே இருக்கு?"

"அப்போ பை தூக்க."

பை வரைபடத்தின் இரண்டாவது மூலையில் இருந்தது. அதைச் சுட்டிக்காட்டுவது உடம்புக்கு நல்லதாகப் படவில்லை. விட்டுவிட்டேன்.

"வழி எப்படிக் கண்டுபிடிச்சே? ஒண்ணு விடாம சொல்லு."

இதில் நான் கெட்டிக்காரன். மார்பை நிமிர்த்திக்கொண்டேன். "இங்க பாருங்க, மேலயே போட்டிருக்கு. ஒண்ணுக்கு ஐநூறு. அதாவது தாள்ல ஒரு சென்டிமீட்டர்னா தரையில அஞ்சு மீட்டர். இறங்கின படியிலேர்ந்து ஸ்டோர் வரைக்கும் என் ஸ்கேலை வெச்சு அளந்தேன். வளைவெல்லாம் சேத்து இருபது சென்டிமீட்டர். அப்போ நூறு மீட்டர். நூறாவது மீட்டர்ல வலது கைக் கதவு. இதுதான்."

"ஸ்கேலைக் கொடு."

என் துப்பறியும் கருவிகள் மொத்தம் ஒன்று. அது அந்த ஸ்டீல் ஸ்கேல். கொடுத்தேன். அத்தை மண்டியிட்டு, படத்தின் அடியில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாக இருந்த கோட்டின்மேல் அதை வைத்தார். தூரத்தைக் காட்டும் அளவுகோல். ஒரு முனையில் பூஜ்யம், மறு முனையில் ஐம்பது மீட்டர்.

"உன் கணக்குப்படி ஐம்பது மீட்டர்னா தாள்ல எவ்வளவு இருக்கணும்?"

"பத்து சென்டிமீட்டர்."

"எவ்வளவு இருக்கு?"

குனிந்து பார்த்தேன். இன்னொரு தடவை பார்த்தேன். ஸ்கேலைத் திருப்பிப் போட்டும் பார்த்தேன்.

"அஞ்சு."

"சுவத்துல மாட்டற அளவுக்கு வரைஞ்ச படம். நீ அதைச் சின்னத் தாளுக்குள்ள அடக்கிட்டே. படம் பாதியா சுருங்கிச்சு. கட்டமும் கூடவே சுருங்கிச்சு. ஆனா ஒண்ணுக்கு ஐநூறுங்கறது வெறும் எழுத்து, மருமகனே. தாள் எவ்வளவு சுருங்கினாலும் அது ஐநூறுன்னுதான் சொல்லும்."

"அப்போ ஸ்டோர்..."

"இன்னும் இவ்வளவு தூரம் போகணும். நாம பாதி வழியில நிக்கிறோம்."

எனக்கு நேற்றைய காட்சி ஒன்று ஞாபகம் வந்தது. அந்தப் பெண் அழுதுகொண்டே, வேறொரு வேலைக்கு வரைந்த பழைய படத்தாள் ஒன்றை எங்களிடம் காட்டினாள். காட்டுவதற்கு முன்னால், மேஜையிலிருந்த ஸ்கேலை எடுத்து அந்தக் கட்டத்தின்மேல் வைத்துப் பார்த்துக்கொண்டாள். "பழக்கம், அண்ணா," என்றாள், வெட்கப்பட்ட மாதிரி. "எங்க ஆபீஸ்ல மிஷினை விட்டுத் தாள் வந்ததும் இதை அளக்காம யாரும் வேற வேலை பாக்க மாட்டோம். நீங்க பிரிண்ட் எடுத்தாலும் ஒரு தடவை அளந்துடுங்க." நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு நிகர் நானே.

"அத்தை, நான் ஒரு முட்டாள்."

"தெரிஞ்ச விஷயத்தை விடு. தெரியாததைப் பாப்போம்." அத்தையின் நெற்றியில் வியர்வை துளித்துளியாக நின்றது. அவ்வளவு வெக்கையாக எனக்குத் தோன்றவில்லை. எழுந்தவர், என் சட்டை நுனியை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

"இது எதுக்கு?"

"நீ தொலைஞ்சு போயிடாம இருக்க."

நாலு எட்டில் முடிகிற அறையில் எங்கே தொலைவது என்று கேட்க நினைத்தேன். அதற்குள் டார்ச் வெளிச்சம் எதிர் மூலைக்குப் போய் நின்றுவிட்டது. அங்கே ஒரு தகரம் சுவரில் சாய்ந்திருந்தது.

"தரையைப் பாரு," என்றார்.

"ஈரம். அழுக்கு. என் சாக்ஸுக்கு நல்லாவே தெரியுது."

"எல்லா இடமும் கறுப்பு. தகரத்துக்குக் கீழ மட்டும் வெள்ளைப் பொடி. சுண்ணாம்பு. புதுசு. நாம தப்பா வந்த இடத்துல சுவத்தைக் கொத்தினது யாரு?"

தகரத்தை இழுத்தேன். பின்னால் ஆள் நுழைகிற அளவுக்குச் செங்கல் பெயர்த்திருந்தது. அதற்கும் பின்னால் ஸ்டோர் இல்லை, அறை இல்லை, ஒன்றுமில்லை. வெறும் ஈர மண். வேர் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எவனோ இவ்வளவு பாடுபட்டு ஒரு மரத்தின் அடிவேரைக் கண்டுபிடித்திருக்கிறான்.

பள்ளத்துக்குள் ஒரு சாக்கு. கையை விட்டேன். உருண்டையாக, சில்லென்று, ஒரு தலை அளவுக்கு ஏதோ தட்டுப்பட்டது.

"மண்டை ஓடு!" என்று அலறினேன். அறை சின்னது. அலறல் நாலு சுவரிலும் பட்டுத் திரும்பி வந்து என்னையே பயமுறுத்தியது.

அத்தை சாக்கைப் பிரித்தார். டார்ச் வெளிச்சத்தில் ஒரு கடல் மின்னியது. கடலில் மீன்கள்.

அப்போதைக்கு என்னைப் பேசச் சொல்லக்கூட அத்தை மறந்துவிட்டார்.

"புரியுதா?" என்றார் அத்தை மெதுவாக. "திருடன் ஒரு தப்புகூடப் பண்ணல, அதனால அந்தப் பொண்ணுதான்னு சொன்னாங்க. இதோ தப்பு. நீ பண்ணின அதே தப்பு. சுருங்கின தாளை வெச்சு, ஐநூறை நம்பி, பாதி தூரத்துல சுவத்தை இடிச்சிருக்காங்க. மண்ணைப் பாத்ததும்தான் புத்தி வந்து அளவுகோலைப் பாத்திருக்காங்க. அழும்போதுகூட ஸ்கேலை எடுத்து அளக்கிறவ, சுவத்தை இடிக்க வரும்போது அளக்காம வருவாளா?"

"அப்போ அவ தப்பிச்சா!"

"நாம வெளிய போனா."

ஆமாம். அந்தப் பெண் குற்றம் செய்யவில்லை என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். இரண்டு பேரும் கைப்பிடி இல்லாத கதவுக்குப் பின்னால் இருந்தோம். மேலே அவள் மாற்றுத் துணியோடு வந்துகொண்டிருப்பாள். என் செங்கல் மூளையால் ஒரு பையன் இன்று தன் அம்மா இல்லாமல் தூங்கப் போகிறான் என்று நினைத்தபோது, வாயில் ஒரு ஜோக்கும் வரவில்லை. கதவைத் தோளால் முட்டினேன். மறுபடி முட்டினேன். தோள்தான் கொஞ்சம் அசைந்து கொடுத்தது.

டார்ச் மஞ்சளாகத் தொடங்கியது. அத்தை உருண்டையை அதன் அருகே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் மூச்சு விடும் சத்தம் எனக்குக் கேட்டது.

"இந்த ஈரத்துல ஒரு வாரம் கிடந்தா பித்தளை எப்படி இருக்கணும்?"

"கறுத்துப் போயிருக்கணும்."

"இதுல உன் மூஞ்சியே தெரியுது. யாரோ தினமும் வந்து துடைக்கிறாங்க. இன்னைக்கு இன்னும் துடைக்கல. இந்த ஓரத்துல லேசா மங்கியிருக்கு." பிறகு, சம்பந்தமே இல்லாமல், "பிரிண்ட் எடுத்தியே, படத்தைத் தாளுக்குள்ள சுருக்கி அடக்கற அந்த ஃபிட் டு பேஜ், அதை நீயா டிக் பண்ணினே?"

"சத்தியமா இல்ல. காப்பாளர் பாதைச் சாவி எடுக்கப் போனாரு. அவர் கம்ப்யூட்டர்ல இணைப்பைத் திறந்து பிரிண்ட் பட்டனை மட்டும்தான் அமுக்கினேன். தாள் அளவு, ஃபிட்டு எல்லாம் ஏற்கெனவே..."

நிறுத்திக்கொண்டேன்.

"ஏற்கெனவே?"

"டிக் ஆகி இருந்துச்சு. ஆனா அது ஆபீஸ் லெட்டர் அடிக்கிற பிரிண்டர், அத்தை. லெட்டருக்கு எதுக்கு ரெட்டிப்பு அளவுத் தாளும்..."

"உஷ்."

வெளியே காலடிச் சத்தம். தூரத்தில், நிதானமாக, வழி தெரிந்த கால்களின் சத்தம்.

நான் கத்த வாய் திறந்தேன். அத்தையின் உள்ளங்கை என் வாயை மூடியது. அந்தக் கை ஐஸ் மாதிரி இருந்தது.

"நாம எங்க போறதா காப்பாளர்கிட்ட சொன்னோம்?" என்று காதில் கேட்டார்.

"ஸ்டோர் சுவருக்கு."

"அப்போ நம்மளைத் தேடி வர்றவங்க அந்தக் கோடிக்குப் போவாங்க. இந்தக் கதவுல நின்னா, அது நம்மளைத் தேடி வந்த ஆள் இல்ல." டார்ச்சை அணைத்தார். சாக்கில் சுற்றிய உருண்டையை என் கையில் திணித்தார். இருட்டு முகத்தில் வந்து அப்பியது. என் சட்டை நுனி இன்னும் அவர் பிடியில்தான் இருந்தது.

காலடிகள் வந்தன. வந்தன. நின்றன.

நின்றது எங்கள் கதவுக்கு வெளியே.

கைப்பிடி முனகியது. கதவு ஒரு முழம் திறந்தது. விளக்கு வெளிச்சம் எங்கள்மேல் விழுந்தது. அதற்குப் பின்னால் காப்பாளர். ஒரு கையில் விளக்கு, மறு கையில் மடித்த மஞ்சள் துணி.

அந்தத் துணியைக் காலையிலேயே பார்த்திருந்தேன். எங்களோடு பேசிக்கொண்டே மேஜையைத் துடைத்தார், தாள்மேல் வைக்கும் கல்லைத் துடைத்தார், பாதைச் சாவியைக்கூடத் துடைத்துத்தான் கொடுத்தார். சுத்தமான மனிதர் என்று நினைத்தேன். என் தொழில் துப்பறிவது என்று வெளியே சொல்லிக்கொள்ள வேண்டாம்.

"அடடா!" என்றார் அவர். ஒரு விநாடி தாமதமாகத்தான் சிரிப்பு வந்தது. "உங்களைத் தேடித்தான்மா வந்தேன். ரொம்ப நேரமாச்சேன்னு கவலைப்பட்டேன்."

"தேடினா அந்தக் கோடிக்கில்ல போயிருக்கணும்," என்றார் அத்தை.

"போற வழியில... இங்க ஏதோ சத்தம் கேட்டுச்சு."

"மூச்சுகூட விடாம நின்னோமே, சார். சரி, ஒண்ணு கேக்கறேன். அந்தப் படத்தை நீங்க திறந்தே பாக்கலதானே?"

"படம்னாலே எனக்குத் தலை சுத்தும்மா. மெயிலைப் போலீஸே பாத்தாங்களே."

"படிச்ச மெயிலைப் படிக்காத மாதிரி மாத்திடலாம், ஒரு நிமிஷ வேலை. உங்க பிரிண்டர்தான் பாவம், அதுக்கு மறக்கத் தெரியல. இந்தப் படத்தை எந்தத் தாள்ல, எப்படிச் சுருக்கி எடுத்தீங்கன்னு ஞாபகம் வெச்சிருந்து, இவனுக்கும் அதே மாதிரி எடுத்துக் கொடுத்திருக்கு. நீங்க ஏமாந்த இடத்துக்கே எங்களையும் கொண்டுவந்து விட்டுடுச்சு."

காப்பாளர் அத்தையைப் பார்த்தார். என் கையிலிருந்த சாக்கைப் பார்த்தார். பிறகு ரொம்ப மெதுவாக, மரியாதையாக, கதவைச் சாத்தத் தொடங்கினார்.

யோசித்து எதையும் செய்யாதவன் என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அது உண்மை. யோசித்திருந்தால் வலது காலை வைத்திருப்பேன். அதில் ஷூ இருந்தது. நான் இடது காலைக் கதவிடுக்கில் வைத்தேன்.

வலியை வர்ணிக்கப் போவதில்லை. நான் கத்திய சத்தத்தைக் கேட்டு அத்தையே கத்தினார். என் கையிலிருந்து சாக்கு நழுவி, 'ணங்' என்று தரையில் விழுந்தது. ஏதோ ஒரு கடலின் நடுவில் இன்றைக்கும் ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது. அது என் கைவண்ணம்.

"ஐயோ, தரையில போடாதீங்க!" என்று காப்பாளர் பதறினார். கதவை விட்டுவிட்டார். "ஈரம்! ஈரம் பட்டா மீனெல்லாம் மங்கிடும். எடுங்க, தம்பி, துணியால எடுங்க..." மஞ்சள் துணியை என் பக்கம் நீட்டினார்.

சாக்கு இன்னும் சுற்றியபடியேதான் கிடந்தது; உள்ளே என்ன இருக்கிறது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

"எந்த மீன், சார்?" என்றது அவருக்குப் பின்னால் ஒரு குரல்.

இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். அவருக்குப் பக்கத்தில், தோளில் துணிப்பையோடு, மூச்சு வாங்க, வரைபடக்காரப் பெண்.

கைது செய்ய வந்தவரையே கையோடு இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். பிறகு அவள் சொல்லித் தெரிந்துகொண்டேன். பாதையில் இறங்குவதற்கு முன் வாசலில் நின்று, வரைபடத்தை மார்போடு பிடித்தபடி ஒரு செல்ஃபி எடுத்து, 'கவலைப்படாதே தங்கச்சி' என்று அவளுக்கு அனுப்பியிருந்தேன். வெறும் வீம்புதான்.

"உங்க ஃபோட்டோ பாத்தேன், அண்ணா," என்றாள். "அந்தத் தாளை விரிச்சா உங்க கழுத்துலேர்ந்து முட்டி வரைக்கும் வரணும். நீங்க குழந்தைக்குச் சாப்பாடு ஊட்டும்போது கட்டற துணி மாதிரி பிடிச்சிருந்தீங்க. சுருக்கி எடுத்திருக்கீங்க, அளக்கலைன்னு புரிஞ்சுது. ஃபோன் பண்ணினேன், போகல. எப்படியும் பாதி தூரத்துல எங்கயோ முழிச்சிட்டு இருப்பீங்கன்னு சார்கிட்ட சொன்னேன். என்னை அப்புறம் கூட்டிட்டுப் போங்க, முதல்ல இவங்களை வெளிய எடுங்கன்னு..."

அத்தை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தக் கதவுக்கு ரெண்டு பேராலதான் வர முடியும்," என்றார் இன்ஸ்பெக்டரிடம். "இதே தப்பைப் பண்ணினவர் ஒருத்தர். அந்தத் தப்பு எங்கன்னு பாத்த உடனே தெரிஞ்சவ ஒருத்தி. முன்னாடி துணியோட தனியா வந்தது யாரு, பின்னாடி உங்களைக் கூட்டிட்டு வந்தது யாருன்னு நீங்களே பாத்தீங்க."

கொத்தியிருந்த சுவரை இன்ஸ்பெக்டர் பார்த்தார், வேரைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணிடம், "பையை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்கம்மா," என்றார்.

அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

காப்பாளர் விற்பதற்காக எடுக்கவில்லை. அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறாராம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த உருண்டையைத் துடைத்தவர் அவர் ஒருவர்தான். "புதுசா வர்றவங்க பிரஷ் வெச்சுத் தேய்ப்பாங்க, சார்," என்று படியேறும்போது இன்ஸ்பெக்டரிடம் சொல்லிக்கொண்டே போனார். சாவியால் திறந்து எடுத்தால் சாவிக்காரரைத்தான் பிடிப்பார்கள் என்று சுவரை உடைத்திருக்கிறார். பழி ஒரு பெண்ணின் தலையில் போய் விழுந்தபோது வாயை மூடிக்கொண்டிருக்கிறார். எனக்கு அவர்மேல் கொஞ்சம் பரிதாபம் வந்தது உண்மை. கால் வீங்காமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் வந்திருக்கும்.

மேலே சாயங்கால வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மியூசிய வாசல் படியில் உட்கார்ந்தேன். ஒரு காலில் ஷூ, ஒரு காலில் வீக்கம். அந்தப் பெண் கேட்டுக்கு வெளியே நின்று போனில், "அம்மா வந்துட்டே இருக்கேன். பையா? பையையும் கொண்டு வரேன்," என்று சிரிப்பும் அழுகையுமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். முகத்தை வானத்தைப் பார்த்து நிமிர்த்தி, மூச்சை இழுத்து இழுத்து விட்டார். கிணற்றிலிருந்து தூக்கியவரைப் போல. என் சட்டை நுனி கசங்கி, முறுக்கிக்கொண்டு, ஒரு கை அளவுக்கு வியர்வையில் நனைந்திருந்தது. அதை நீவி நீவிப் பார்த்தேன். நேராகவில்லை.

"அத்தை, இன்னைக்கு உங்க கேஸைக் கெடுத்தது நான். வழியை விட்டேன், கதவை விட்டேன், உருண்டையைக் கீழ போட்டேன். டார்ச்சும் பிடிக்கல, பையும் தூக்கல. கடைசியா கேக்கறேன். எதுக்கு என்னைக் கூட்டிட்டு வர்றீங்க?"

வழக்கம்போல ஏதோ குத்தலாகச் சொல்ல வாய் திறந்தார். என் சட்டை நுனி அவர் கண்ணில் பட்டது. வாய் மூடிக்கொண்டது.

"மூடின இடம்னா எனக்கு உயிரே போயிடும்டா," என்றார். "சின்ன வயசுலேர்ந்தே. லிஃப்ட்லகூடத் தனியா ஏற மாட்டேன். நீ பக்கத்துல வளவளன்னு பேசிட்டே இருந்தா பயம் தெரியல. அதுக்குத்தான்."